வேலை கசந்தால் வகுப்பறை இனிக்குமா?



சென்ற தீபாவளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தாயாரோடு வீட்டிற்கு வந்திருந்தார். வயது இருபத்தேழு. இயந்திரப் பொறியியல் பட்டதாரி. ஷா ஆலாமில் ஒரு நிறுவனத்தில் நான்காண்டுகளாகப் பணிபுரிகிறார். முறுக்கும் தேநீருமாகப் பேச்சு கலகலப்பாகத்தான் தொடங்கியது. வேலையைப் பற்றிக் கேட்டேன், முகம் வாடிவிட்டது.

"ஐயா, காலையில் ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறேன். இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறேன். இடையில் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் நானும் ஆசிரியராகிவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் தாயார் முந்திக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க சார். அரைநாள் வேலை, பள்ளி விடுமுறை, அரசாங்கச் சம்பளம். இவனுக்கு இதுதான் சரிப்பட்டு வரும். நான் அப்பவே சொன்னேன்."

கேள்வி கேட்டது பிள்ளை; விடை சொன்னது தாய். நான் இருவருக்கும் முறையான மறுமொழி சொல்லவில்லை. "பார்ப்போம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடந்த ஓராண்டில் இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காமவர். ஒருவர் வங்கியில் இருக்கிறார். ஒருவர் கணினித் துறை. இன்னொருவர் பட்டம் முடித்துவிட்டு விற்பனை நிலையம் ஒன்றில் கணக்கெழுதிக் கொண்டிருக்கிறார். அன்று சொல்லத் தவறிய மறுமொழியை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் படித்துவிட்டுத் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏன் கசக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இளையோரைச் சோம்பேறிகள் என்றோ, பொறுமையற்றவர்கள் என்றோ சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நம் வீடுகளில் ஒரு பிள்ளையின் தொழில் எப்போது முடிவாகிறது? எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியான அந்த ஒரே வாரத்தில். பதினேழு வயதுப் பிள்ளை நடுவில் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் அப்பா, அம்மா, மாமா, சித்தப்பா. மருத்துவம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் பொறியியல், அதுவும் இல்லையென்றால் கணக்கியல். 'ஏ' எத்தனை என்று எண்ணுவார்களே தவிர, உனக்கு எந்த வேலை செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளையும் அந்த அன்பை மறுக்க மனமில்லாமல் தலையாட்டிவிடும்.

பிறகு நான்கு ஆண்டுப் படிப்பு. பி.டி.பி.டி.என். கடன். பட்டமளிப்பு விழாப் படம் வரவேற்பறையில் மாட்டப்படும். வேலை கிடைக்கும், ஆனால் படித்த படிப்புக்கேற்ற வேலை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. டிப்ளோமாவோ பட்டமோ பெற்று வேலை செய்வோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் தம் கல்வித் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பதை நாட்டின் புள்ளிவிவரத் துறை அண்மைய ஆண்டுகளில் தொடர்ந்து காட்டி வருகிறது. அதனால் வீட்டுக்கு வீடு இந்தக் கசப்பு இருப்பதில் வியப்பில்லை.

என்னிடம் வந்த நால்வரும் சம்பளத்தைப் பற்றி அதிகம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தாம் செய்யும் வேலையால் யாருக்கு என்ன நடந்தது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் அவர்களின் ஏக்கம். அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது கண்ணுக்குத் தெரிந்த ஒரே தொழில் ஆசிரியர் தொழில். கரும்பலகையில் எழுதினார், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். காரணமும் விளைவும் ஒரே அறைக்குள் இருந்தன. ஆகவே, மனம் சலிக்கும்போது அந்த அறை நினைவுக்கு வருகிறது. இந்த ஏக்கம் நியாயமானது. ஆனால், அவர்கள் நினைவில் இருக்கும் அந்த அறை, மாணவனின் நாற்காலியிலிருந்து பார்த்த அறை. ஆசிரியரின் மேசையிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கும். எனக்கு அது தெரிய ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதத்திற்கான விலையை நான் கொடுக்கவில்லை என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்த செய்தி.

நானும் ஓடி வந்தவன்தான்

பலருக்குத் தெரியாது, நானும் முதலில் ஆசிரியன் அல்லன். பட்டம் பெற்றபின் 2000-ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுக்கு மேல் பிறை தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பகல் முறை, இரவு முறை என்று மாறி மாறி வேலை. உருப்பெருக்கியின் அடியில் சிறு பாகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்லவை நீலத் தட்டில். பழுதானவை சிவப்புப் பெட்டியில். முறை முடியும்போது சிவப்புப் பெட்டியில் எத்தனை என்று எண்ணி எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதுதான் என் வாழ்க்கையா என்று ஒருநாள் இரவு மூன்று மணிக்குத் தோன்றியது. அதன்பின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பட்டதாரிகளுக்கென அப்போது கே.பி.எல்.ஐ. என்னும் ஓராண்டு ஆசிரியர் பயிற்சி இருந்தது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. நேர்முகத் தேர்வில் "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். தமிழ்ச் சமுதாயத்திற்குத் தொண்டாற்ற வேண்டும் என்றேன். முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் உண்மையான விடை, இரவு முறை வேலை பிடிக்கவில்லை என்பதுதான்.

2005-ஆம் ஆண்டு சனவரியில் தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வகுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் வாரம் தேனாக இனித்தது. "வணக்கம் ஐயா" என்று இருபத்திரண்டு குரல் ஒன்றாகக் கேட்டபோது, இதற்காகத்தான் பிறந்தேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் மாதத்தில் நான் செய்ததை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தினேன். வாசிக்கத் தெரியாத நால்வரைச் சன்னலோரம் கடைசி மேசைக்கு அனுப்பினேன். அவர்களுக்கு எழுத்தைப் பார்த்தெழுதும் வேலை கொடுத்தேன். சத்தம் போடாமல் இருந்தார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பதிவேட்டில் நால்வர் பெயருக்கும் நேராக 'முயற்சி தேவை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். யாருடைய முயற்சி என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சூலை மாதத்தில் ஒருநாள் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். கடைசி மேசையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். பள்ளி முடிந்ததும் என்னை அழைத்து, "தொழிற்சாலையில் பழுதான பொருளை என்ன செய்வீங்க?" என்று கேட்டார். சிவப்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். "இங்கேயும் ஒன்று வெச்சிருக்கீங்களே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

கொடி என்றால் கெ - ர - டி

மறுநாள் நால்வரில் ஒரு சிறுவனை ஓய்வுநேரத்தில் என் அருகில் அமர வைத்தேன். ('நால்வர்' என்று சொன்னாலும் அப்போது மூவர்தான் மிச்சம், நான்காமவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) 'கொடி' என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். "கெ... ர... டி" என்றான். 'தோடு' என்று எழுதினேன். "தே... ர... டு" என்றான்.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே வகைப் பழுது திரும்பத் திரும்ப வந்தால், 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். டொயோட்டா நிறுவனத்தார் பரப்பிய முறை அது. அன்றைக்குத்தான் அந்தப் பழக்கத்தை முதன்முதலாக வகுப்பறைக்குள் கொண்டுவந்தேன். ஏன் இப்படி வாசிக்கிறான்? இடமிருந்து வலமாக ஒவ்வோர் உருவாகப் பார்க்கிறான். முதலில் கொம்பும் ககரமும்; அது 'கெ'. அடுத்து நிற்கும் துணைக்கால் அவன் கண்ணுக்கு 'ர'வாகத் தெரிகிறது. கொம்பும் துணைக்காலும் சேர்ந்து நடுவிலுள்ள எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை அவனுக்கு ஒருவரும் காட்டவில்லை. நான் உட்பட.

அவன் செய்தது பிழைதான். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. கண்ணில் பட்டதை நேர்மையாக வாசித்திருக்கிறான். அறிவில்லாத பிள்ளை என்று ஆறு மாதமாக நான் எண்ணியவன், உண்மையில் தானே ஒரு விதியை உண்டாக்கி அதை ஒழுங்காகக் கடைப்பிடித்துக் கொண்டிருந்தான்.

அட்டையில் கொம்பு, எழுத்து, துணைக்கால் மூன்றையும் தனித்தனியாக வெட்டினோம். அவனே அடுக்கி, அவனே கலைத்தான். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம். பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நவம்பரில் பள்ளி முடியும்போது ஆறு வரிப் பத்தி ஒன்றை விரல் வைத்து மெதுவாக வாசித்தான். பின்னாளில் தேர்வில் 'ஏ' எதுவும் எடுக்கவில்லை. இன்று பற்றவைப்புப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். பட்டறையின் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதும்போது பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எனக்குப் புலனத்தில் படம் அனுப்பினான். பிழை இல்லை.

இங்கே நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் நான்காவது பிள்ளை இருக்கிறாள். அதிகம் பேசாத சிறுமி. தோட்டம் வீடமைப்பு நிறுவனத்திற்குக் கைமாறியதால் அவள் குடும்பம் சூன் மாதமே ஊர் மாறிப் போய்விட்டது. அதாவது, தலைமையாசிரியர் என்னிடம் பேசுவதற்கு ஒரு மாதம் முன்பு. அவள் எங்கே போனாள், வாசிக்கக் கற்றாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் ஆண்டின் முதல் பாதியை அவள் என் சன்னலோரத்தில் பார்த்தெழுதியே கழித்தாள். என் வேலைக் கசப்பு தீர்ந்தது. விலையைக் கொடுத்தது அந்தப் பிள்ளை.

'அரைநாள் வேலை'

இதனால்தான் அந்தத் தாயார் சொன்ன 'அரைநாள் வேலை' என்னும் சொல் என்னை உறுத்தியது. கோபத்தால் சொல்லவில்லை, தெரியாததால் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகள் பிற்பகலில் வீடு திரும்புவது உண்மை. ஆசிரியர் திரும்புவதில்லை. புறப்பாட நடவடிக்கை, கூட்டம், விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, பேச்சுப் போட்டி, திருக்குறள் போட்டி, பாடநூல் கணக்கு. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபோது "உங்களுக்கு இனி சுமை இல்லை" என்று பலர் வாழ்த்தினார்கள். தேர்வுக்குப் பதிலாக வகுப்புசார் மதிப்பீடு முழுமையாக நம் தோளில் அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் ஆறு அடைவுநிலைகளில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்குச் சான்று வைத்து, இயங்கலையில் பதிவு செய்ய வேண்டும். பள்ளி நேரத்தில் இணையம் ஊர்ந்து போகும் என்பதால் இரவில் வீட்டில் செய்வோர் பலர்.

நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை 150 மாணவருக்குக் குறைந்த சிறிய பள்ளிகள். பிள்ளைகள் குறைவு என்பதால் வேலை குறைவு என்று எண்ண வேண்டாம். பெரிய பள்ளியில் நாற்பது ஆசிரியர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்புகளைச் சிறிய பள்ளியில் எட்டுப் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவரே நூல்நிலையம், நலப்பிரிவு, கூட்டுறவுக் கடை, சாரணர் இயக்கம் எல்லாம் பார்ப்பதுண்டு.

பாதுகாப்பான வேலை, கடைசிவரை ஓய்வூதியம் என்று எண்ணி வருவோருக்கும் ஒரு செய்தி. 2024 பிப்ரவரி 1 முதல் அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர் பழைய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வரமாட்டார்கள், ஊழியர் சேமநிதியில்தான் பங்களிப்பார்கள் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆகவே, 'பென்சன்' என்ற ஒரே சொல்லை நம்பிப் பிள்ளையை இந்தப் பக்கம் தள்ளிவிடும் பெற்றோர் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வரவேண்டாமா?

வரவேண்டாம் என்று சொல்ல நான் யார்? நானே அப்படி வந்தவன்.

நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைப் பாருங்கள். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளிகளைப் பணித்தது. யார் வந்து கற்பித்தார்கள்? கங்காணியும் கிராணியும் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியும்தான். பல தோட்டங்களில் ஆசிரியர் வேலை என்பது வேறு வேலையின் மிச்சநேரத்தில் செய்ததுதான். அவர்களில் சிலர் கடனே என்று உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஒரு தலைமுறையையே எழுத்தறிய வைத்தார்கள். இரு சாராரும் ஒரே வழியில்தான் வந்தார்கள். வந்தபின் என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபட்டார்கள்.

மேலும், வெளியுலகம் பார்த்தவர்கள் நம் பள்ளிக்குத் தேவை. பள்ளியில் படித்து, பயிற்சிக் கழகத்தில் படித்து, மீண்டும் பள்ளிக்கே வந்த ஆசிரியர்கள் நம்மில் பெரும்பாலோர். கற்பிக்கும் முறையை அவர்கள் நன்றாக அறிவார்கள். நானே அவர்களிடம் கற்றேன். ஆனால், "பின்னம் படித்து என்ன செய்வது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், ஓர் எண்ணெய்க் கலவை எப்படி அளக்கப்படுகிறது என்று தன் கையால் செய்ததைச் சொல்ல ஒரு பொறியாளரால் முடியும். வட்டிக் கணக்கு நடத்தும்போது, கடனட்டை எப்படி ஒரு குடும்பத்தை விழுங்குகிறது என்று வங்கியில் இருந்தவரால் சொல்ல முடியும். தோட்டத்தையும் அடுக்குமாடிக் குடியிருப்பையும் தவிர வேறொன்றும் பார்த்திராத பிள்ளைக்கு அந்தச் சொல் ஒரு சன்னல்.

கதவும் அவ்வப்போது திறக்கிறது. 2021-இல் ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க 18,702 பேரை ஒரே முறையாக எடுக்கப் போவதாகக் கல்வியமைச்சு அறிவித்தது. கல்வியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் அதில் ஒப்பந்த அடிப்படையில் வாய்ப்பு இருந்தது. இத்தகைய வாய்ப்பு எல்லா ஆண்டும் வராது. எல்லாப் பாடத்திற்கும் வராது. வரும்போது ஆயத்தமாக இருப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

என் கருத்து இதுதான். பழைய வேலை பிடிக்காமல் ஆசிரியத் தொழிலுக்கு வருவது குற்றம் அன்று. ஆனால் வரும் முன்பே கற்பித்துப் பார்க்காமல் வருவது குற்றம். ஏனென்றால், நமக்கு இது இரண்டாவது வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டு ஒரே ஒருமுறைதான் வரும்.

வர நினைப்போருக்கு ஐந்து சொல்

1. கையிலுள்ள வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை வாய்ப்பு என்பது வாய்ப்பு மட்டுமே. கடனும் வீட்டு வாடகையும் காத்திருக்கமாட்டா.

2. வார இறுதியில் எங்கேனும் கற்பியுங்கள். கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்பு, குடியிருப்புச் சங்கத்தின் வகுப்பு எதுவாயினும் சரி. பிரசவ விடுப்பில் போகும் ஆசிரியருக்கு மாற்றாகத் தற்காலிக ஆசிரியரைத் தேடும் பள்ளிகளும் உண்டு. வேலை மாறும் இடைவெளி கிடைத்தால் அதைச் செய்து பாருங்கள். மூன்று மாதத்தில் உங்களை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.

3. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவர்கள் யார் கற்பித்தாலும் கற்பார்கள். சொன்னதையே ஏழாவது முறை சொல்லும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். எரிச்சலுக்கு நடுவே, 'இவனுக்கு ஏன் புரியவில்லை?' என்னும் ஆவல் ஒரு துளியாவது எழுகிறதா? எழுந்தால் வாருங்கள்.

4. உங்கள் தமிழைச் சோதியுங்கள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்காமல் விட்டுவிட்டு இன்று வருந்துவோரை நிறையப் பார்க்கிறேன். எடுத்தவர்களும் பத்தாண்டாக ஒரு பக்கம் தொடர்ந்து எழுதியிருக்கமாட்டார்கள். கைப்பேசியை வைத்துவிட்டு, தாளில் ஒரு பக்கம் எழுதுங்கள். வல்லினம் மிகும் இடமும் ண, ன, ந வேறுபாடும் நம் கையில் தடுமாறினால், பிள்ளையின் கையில் எப்படி நிற்கும்?

5. உங்கள் பழைய தொழிலிலிருந்து எதைக் கொண்டுவருகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தொழிலிலும் நல்ல பழக்கமும் இருக்கும், தீய பழக்கமும் இருக்கும். நான் முதலில் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தேன். 'ஏன்' என்னும் கேள்வியைத் தாமதமாகக் கொண்டுவந்தேன். நீங்கள் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

பெற்றோரே, பிள்ளை வேலையில் மனம் கசந்து வந்து நின்றால், உடனே இன்னொரு தொழிலின் பெயரைச் சொல்லாதீர்கள். பதினேழு வயதில் நாம் செய்த அதே தவற்றை இருபத்தேழு வயதில் மறுபடியும் செய்வதாகும். முன்பு 'பொறியியல் படி' என்றோம். இப்போது 'ஆசிரியராகு' என்கிறோம். இரண்டு முறையும் முடிவு நம்முடையது, வாழ்க்கை அவர்களுடையது. என்ன பிடிக்கவில்லை, எது பிடித்தது என்று கேட்டுவிட்டு ஒருநாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருங்கள். சிலருக்கு வேலை மாறவேண்டியதே இல்லை. மேலாளர் மாறினால் போதும், தூரம் குறைந்தால் போதும்.

உங்கள் வீட்டுச் சிறு பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்கிறதா? அப்படியானால் இன்னொரு கோணத்திலும் எண்ணுங்கள். அந்தப் பிள்ளையின் வகுப்புக்கு, வேறு போக்கிடம் இல்லாமல் வந்த ஒருவர் ஆசிரியராக வரவேண்டும் என்று விரும்புவீர்களா? நம் பிள்ளைக்கு வேண்டாததை அடுத்தவர் பிள்ளைக்குப் பரிந்துரைக்கலாமா?

ஆசிரிய நண்பர்களே, நம்மிடமும் குறை உண்டு. வெளியாள் கேட்டால் "தொண்டு, புனிதப்பணி" என்கிறோம். ஆசிரியர் அறைக்குள் வந்தால் "எப்போது ஓய்வு பெறலாம்" என்கிறோம். இரண்டில் எதுவும் புதிதாக வருபவருக்கு உதவாது. புதியவர் வந்ததும் யாரும் விரும்பாத வகுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் தடுமாறும்போது "அனுபவம் இல்லை" என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவோம். என்னுடைய தலைமையாசிரியர் கடைசி மேசையில் வந்து உட்கார்ந்ததுபோல், முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் புதியவரின் வகுப்பில் சென்று உட்கார வேண்டும். அவர் சூலையில் வந்தார். சனவரியில் வந்திருந்தால், அந்தச் சிறுமிக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும்.

அந்த மாணவருக்குச் சொன்னது

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்தப் பொறியாளரை அழைத்தேன். "தம்பி, ஆகலாமா வேண்டாமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறோம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். வருகிறாயா?" என்றேன்.

வந்தார். முதல் வாரம் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வந்தார். இரண்டாம் வாரம் களைத்துப் போனார்; "ஐயா, ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் வாசித்தோம்" என்றார். மூன்றாம் வாரம் வரவில்லை. வேலை என்று செய்தி அனுப்பினார். விட்டுவிட்டார் போலும் என்று நினைத்தேன்.

நான்காம் வாரம் கையில் அட்டைகளோடு வந்து நின்றார். ஒரு பையன் 'மழை'யையும் 'மலை'யையும் ஒரே மாதிரி வாசிக்கிறானாம். வாயில் நாக்கு எங்கே நிற்கிறது என்று வரைபடம் வரைந்து கொண்டுவந்திருந்தார், பொறியாளர் வரைவதுபோல் அளவு குறித்து. "ஐயா, அவனுக்குக் காதில் வேறுபாடு கேட்கவில்லையா, நாக்கில் வரவில்லையா? எது முதலில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார்.

அன்று முழுவதும் அவர் தம் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஆசிரியராவாரா என்று எனக்குத் தெரியாது. ஆகாமலே போகலாம், ஷா ஆலாமிலேயே நல்ல இடம் அமையலாம். எதுவாயினும் அந்த ஐந்து பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் ஒருவர் கிடைத்திருக்கிறார்.

வேறு தொழிலிலிருந்து வந்து ஆசிரியரானவர்கள் உங்களிடையே இருந்தால் எழுதுங்கள். முதல் ஆண்டில் நீங்கள் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். வெற்றிக் கதைகளைவிட அவைதான் இனி வருவோருக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்